கொல்லை மண், பதினொரு நாள்

கல்யாணசுந்தரி அம்மாவின் நோட்டில் முதலில் ஏறியது பஞ்சநாதனின் சொல். என்னுடையது அல்ல. நான் எழுத்துத் தெரிந்தவன். அவன் தன் கையெழுத்தைக்கூடப் படம் வரைவதுபோலப் போடுகிறவன். அப்படியிருந்தும் அவன் வாயிலிருந்து விழுந்த சொல்லைத்தான் அந்த அம்மா மையால் எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார்.

எண்பத்தொன்றாம் வருஷம், சித்திரை. காரைக்காலில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர் அவர். மண் எடுத்துத் தர இரண்டு ஆள் வேண்டும் என்று எங்கள் ஊர் தலத்தெருவில் கேட்டார். அறுப்பு முடிந்து வேலையில்லாமல் இருந்த நானும் பஞ்சநாதனும் போனோம். எனக்கு நாற்பத்திரண்டு வயது. அவன் என்னைவிட ஆறு வயது இளையவன். ஒன்றாக நாற்றுக்கட்டு சுமந்தவர்கள், ஒரே தூக்குச்சட்டியில் கஞ்சி குடித்தவர்கள். அதுவரை அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. சொல்லப்போனால் கொஞ்சம் பாவம் என்றுகூட நினைத்திருந்தேன். ஏனென்றால் நான் மூன்று வருஷம் முதியோர் கல்விக்குப் போய்ப் படித்திருந்தேன். அரிவாள் பிடித்துக் காய்ந்த விரலுக்குள் சிலேட்டுக்குச்சி நிற்காது. ஒடிந்து ஒடிந்து விழும். ஒரு டப்பா குச்சியை ஒடித்துத்தான் 'அ' எழுதினேன். பஞ்சநாதன் நான்கு நாள் வந்துவிட்டு, "எனக்குத் தூக்கம் வருதுண்ணே" என்று நின்றுவிட்டான்.

மண் எடுக்கும் வேலை எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. வெடித்துக் கிடக்கும் வயலில் விரற்கடை ஆழத்துக்கு மேல்மண்ணைச் சுரண்டிக் காகிதப்பையில் போட வேண்டும். நான் வயல் மண் எடுத்தேன். பஞ்சநாதன் கல்லூரிக்குப் பின்னால் இருந்த கொல்லையில் எடுத்தான். அதைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, வைக்கோலைக் கொதிக்கவைத்து ஆற வைத்த தண்ணீரை ஊற்ற வேண்டும். நாலைந்து மணி நேரம் கழித்து அம்மா அதில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைப்பார்.

"இதுக்குள்ள என்னம்மா இருக்கு?" என்று பஞ்சநாதன் கேட்டான்.

"ஒரு உயிர். உடம்பு மொத்தமும் ஒரே ஒரு செல்தான். கொல்போடான்னு பேரு."

பஞ்சநாதன் சிரித்துவிட்டான். "கொல்லுங்குது, அப்பறம் போடாங்குது. சண்டக்காரப் பூச்சியால்ல இருக்கு."

அந்த அம்மா அதற்குச் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது. பிறகு அவனை முதலில் பார்க்கச் சொன்னார். அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீண்ட நேரம் குனிந்திருந்தான்.

"மொச்சக்கொட்டம்மா," என்றான். "ஒரு பக்கம் குழி விழுந்த மொச்சக்கொட்ட. உருண்டு உருண்டு ஓடுது. சுத்தி மயிரு மாதிரி என்னமோ துடிக்குது."

"அந்த மயிர்தான் அதுக்குத் துடுப்பு. அந்தக் குழிதான் வாய்." அம்மா நோட்டை இழுத்து 'மொச்சை' என்று தமிழிலேயே எழுதினார். அன்றிலிருந்து அந்த அறையில் கொல்போடா போய் மொச்சை வந்துவிட்டது.

பிறகு நான் குனிந்தேன். வெளிச்சமான ஒரு வட்டத்துக்குள் அவை சுழன்று போய்க்கொண்டிருந்தன. மொச்சைதான். வேறு எந்தச் சொல்லும் அதற்குப் பொருந்தாது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் படித்த பாடப்புத்தகத்தில் துழாவி ஒரு சொல்லை எடுத்தேன்.

"நுண்கிருமி அம்மா."

"கிருமி இல்ல, கருப்பையன். கிருமியைத் தின்னு வாழுறது இது. இது தின்னு போடுறதுதான் பயிருக்கு எருவாகுது."

நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

சரி, பேசத்தான் அவனுக்குத் தெரியும், எழுத நான் இருக்கிறேன் என்று தேற்றிக்கொண்டேன். தட்டுகளுக்குச் சீட்டு எழுதி ஒட்டும் வேலையை அம்மா எனக்குக் கொடுத்திருந்தார். மறுநாள் அவனுடைய மூன்று தட்டுகளுக்கும் குனிந்து குனிந்து எழுதி ஒட்டினேன். அம்மா வந்து பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"கருப்பையன், இது கொல்லை மண்ணா, கொள்ளை மண்ணா?"

எனக்கு விளங்கவில்லை. எங்கள் வாயில் இரண்டும் ஒன்றுதான். அம்மா இரண்டையும் எழுதிக் காட்டினார். ஒன்று வீட்டுக்குப் பின்னால் இருப்பது, இன்னொன்று வீட்டுக்குள் புகுந்து அடிப்பது. "பரவால்ல, இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சீட்டு அப்படியே இருந்தது.

பஞ்சநாதன் அதை ஊர் முழுக்கச் சொன்னான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அவ்வளவுதான். டீக்கடையில் நான் போய் நின்றால், "வாங்க, கொள்ளக்காரரே" என்றார்கள். மூன்று வருஷம் படித்ததற்கு ஒரு எழுத்தில் பட்டம் கிடைத்தது.

இதற்கு நடுவில்தான் அந்த வேலை வந்தது. விலங்கியல் அறைக்கு ஒரு அட்டெண்டர் நிரந்தரமாக எடுக்கப் போகிறார்கள். வயதெல்லாம் தளர்த்திப் பார்ப்பார்களாம், கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதுமாம். அம்மா எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டே சொன்னார்: "பாண்டிச்சேரிக்கு ஒரு பேருதான் எழுத முடியும். ரெண்டு பேருமே நல்லா செய்யுறீங்க. எனக்கே சங்கடமா இருக்கு."

எனக்கு அந்த வேலை வேண்டும். எதற்கு என்று கேட்டால், இடுப்புக்கு. இருபத்தாறு வருஷம் சேற்றில் குனிந்த இடுப்பு அது. மின்விசிறி இல்லாவிட்டாலும் அந்த அறையில் நிழல் இருந்தது, நிமிர்ந்து நிற்கலாம், எழுத்துக்கு வேலை இருந்தது. காசியம்மா, என் வீட்டுக்காரி, சோறு போடும்போது என் முகத்தையே பார்த்தாள்.

"பூச்சி பாக்குற வேலைக்கா இப்புடி மூஞ்சிய வச்சிருக்கீங்க?"

"அவன் பேரத்தான் எழுதுவாங்க."

"எழுதுனா எழுதட்டுமே. பஞ்சநாதன் என்ன அசலாளா? ஒங்களுக்கு எழுத்து வந்துச்சு, அதோட தூக்கம் போச்சு."

மே மாதம் நான்காம் தேதி, திங்கட்கிழமை, பரீட்சைத்தாள் திருத்த அம்மா பாண்டிச்சேரிக்குப் போனார். பதினெட்டாம் தேதிதான் வருவார். போகும்போது சொன்னது இது ஒன்றுதான்: "தட்டுல தண்ணி வத்தாமப் பாத்துக்குங்க. தினம் காலையில கொஞ்சம் ஊத்தி மூடி வச்சுருங்க." ஆளுக்கு மூன்று தட்டு. அவரவர் தட்டு அவரவர் பொறுப்பு. அறைச் சாவி என்னிடம்.

புதன்கிழமை காலையில் பஞ்சநாதன் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"அண்ணே, மச்சினன் புள்ளைக்கு மண்டபத்தூர்ல காதுகுத்து. திங்கக்கிழம வந்துருவேன். என் தட்டுக்கும் சேத்து ஊத்திருங்கண்ணே."

"போய்ட்டு வா."

"மறந்துராதீங்க. மொச்ச காஞ்சா அம்மா என்னைய வறுத்துருவாங்க."

அவன் போன பிறகு என் தட்டுகளுக்கு ஊற்றினேன். ஊற்றிவிட்டு அவனுடைய தட்டுகளின் முன் நின்றேன். என் கையில் கெண்டி இருந்தது, தண்ணீரும் இருந்தது. நான் மறக்கவில்லை என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். மூன்று மூடிகளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். மேற்கு சன்னலைத் திறந்துவிட்டேன். கத்திரி வெயில் காற்று உலைமூடி திறந்ததுபோல வந்து விழுந்தது.

மறுநாள் சாயங்காலம் போனபோது மண் பாளம் விட்டிருந்தது. விரலால் தொட்டேன், ஈரமே இல்லை.

இந்த இடத்தில் நாங்கள் வைத்திருந்த கணக்கைச் சொல்ல வேண்டும். ஒருநாள் நான் அம்மாவைக் கேட்டிருந்தேன், தை மாசம் காயும் வயலில் ஆனி வரைக்கும் இது எப்படிக் கிடக்கிறது என்று. "உடம்பைச் சுருட்டி, தன்னைச் சுத்தி ஒரு ஓட்டைக் கட்டிக்கிட்டுத் தூங்கும்" என்றார். "வெத மாதிரியாம்மா?" என்று கேட்டேன். "கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றார். எங்களுக்கு அது போதும். விதையைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விதைநெல்லை எத்தனை மாதமும் காய வைக்கலாம். ஆனால் ஊறவைத்து, சாக்கில் மூட்டம் கட்டி, முளை கிளம்பிவிட்டால் அதன் பிறகு ஒருநாள் காய்ந்தாலும் அது செத்த நெல். மாட்டுக்குத்தான் ஆகும். பஞ்சநாதனின் மொச்சை முளைத்து ஓடிக்கொண்டிருந்த மொச்சை. அதைக் காயப்போட்டுவிட்டேன். இனி எந்தத் தண்ணீருக்கும் எழும்பாது. அந்த நம்பிக்கையில்தான் அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு தின்றேன்.

திங்கட்கிழமை அவன் வந்தான். தட்டைப் பார்த்தான். பக்கத்தில் கிடந்த மூடிகளைப் பார்த்தான். பிறகு ததும்பி நின்ற என் தட்டுகளைப் பார்த்தான்.

"ஊத்தலயாண்ணே?"

"ஊத்துனேன். வெயில் குடிச்சிருக்கும்."

"ஒங்க தட்டுல குடிக்கலயா?"

"அது வயல் மண்ணு. தண்ணி நிக்கும்."

அவன் மூடிகளை எடுத்து மூடினான். தண்ணீரும் ஊற்றவில்லை. செத்த முளைக்குத் தண்ணீர் காட்டி என்ன செய்ய என்று அவனும் நினைத்திருப்பான். அந்த ஒரு வாரம் அவன் ஒரு பகடிகூடப் பேசவில்லை. மடியில் கட்டிக் கொண்டுவந்த காதுகுத்துப் பணியாரத்தை எனக்குக் கொடுத்தான். வாங்கித் தின்றேன்.

பதினெட்டாம் தேதி காலையில் அம்மா வந்தார். முதலில் என் தட்டுகள். நான் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன். ஒவ்வொரு சொட்டாக வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"மொச்சையே காணுமே, கருப்பையன்."

"தினம் ஊத்துனேம்மா. ஒருநாள்கூட விடல."

"அதனாலதான். இது முதல்ல வந்து முதல்ல தின்னுட்டுப் போற ஆளு. தண்ணி நின்னுக்கிட்டே இருந்தா பெரிய உசிருங்க கிளம்பி இதைத் தின்னுரும். மிச்சம் இருக்கிறது தீனி இல்லாம ஓட்டைக் கட்டிக்கிட்டுப் படுத்துரும். நாந்தான் உங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டேன்."

தப்பு அவருடையதாம். அதுகூட எனக்கு ஆறுதலாக இல்லை. அவர் பஞ்சநாதனின் தட்டுகளைத் திறந்தார். காய்ந்து வெடித்த மண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றார். இப்போது திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"யாரு தண்ணி ஊத்தாதது?"

பஞ்சநாதன் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னான்: "நாந்தாம்மா. காதுகுத்துக்குப் போய்ட்டு வந்து ஊத்தாம விட்டுட்டேன். ஒரு வாரம் இருக்கும்."

அம்மா தட்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வைக்கோல் தண்ணீர் எடுத்து மூன்று தட்டிலும் மெதுவாக ஊற்றினார். மண் புஸ்ஸென்று குமிழி விட்டது. "மத்தியானம் பாப்போம்," என்றார்.

மூன்று மணிக்குக் குனிந்தவர் நிமிரவே இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கண்ணை வைத்தேன். வட்டம் முழுக்க மொச்சை. ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, தண்ணீர் பட்ட சந்தோஷத்தில் சுழன்றன. ஒரு மூலையில் ஒரு ஓடு இன்னும் உடையாமல் கிடந்தது. உள்ளே எதுவோ தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடு பிளந்து அது மெள்ள நழுவி வெளியே வந்து ஓடியது.

"விதை இல்ல இது," என்றார் அம்மா. குரலே மாறியிருந்தது. "விதை ஒரு தடவைதான் முளைக்கும். இது காயக் காய ஓட்டைக் கட்டிக்கும், நனைய நனைய எழுந்து ஓடும். எத்தனை தடவை வேணும்னாலும். புத்தகத்துல இருக்கு, நம்ம ஊரு மண்ணுல, நம்ம ஊரு வெயில்ல பாக்கணும்னுதான் இந்த வருஷம் பூரா காத்துக்கிட்டிருந்தேன். காயப்போட எனக்கு மனசு வரல. பஞ்சநாதன், நீங்க மறந்ததுதான் நல்லதாப் போச்சு."

பஞ்சநாதன் தலையைச் சொறிந்தான். அம்மா நோட்டில் எழுதினார். ஏழு நாள். பஞ்சநாதன்.

அப்போது எனக்கு எரிந்ததை எப்படிச் சொல்வது. திட்டு விழுந்தால் வாங்கிக்கொள்ள அவன் முன்வந்தான், அது நியாயம்தான். ஆனால் விழுந்தது திட்டு இல்லையே. மூடியை எடுத்தவன் நான். சன்னலைத் திறந்தவன் நான். கெண்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஊற்றாமல் நின்றவன் நான். அதில் விளைந்த பேர் அவனுக்கு. நான் செய்த துரோகத்தைக்கூட அவன் பேரில் எழுதிவிட்டார்கள்.

போதாததற்கு அம்மா சொன்னார்: "கருப்பையன், பழைய சீட்டைக் கிழிச்சுட்டு இந்தத் தட்டுக்குப் புதுச் சீட்டு எழுதுங்க. மண்ணு, காஞ்ச நாளு, ஆளு பேரு. இதை நான் பத்திரமா வச்சுக்கணும்."

சீட்டை எடுத்தேன். பேனாவை எடுத்தேன். ஏழு நாள் என்று எழுத வேண்டும். அது ஏழு இல்லை. அந்த அறையில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். பொய்யான நாளுக்குப் பக்கத்தில் அவன் பேரை என் கையாலேயே எழுதிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். சரியான நாளை எழுதினால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எழுதாமல் விட்டால் வேலைக்கு என் பேரும் நிற்கலாம், தினமும் ஊற்றியவன் நான்தானே.

நான் எழுதியது நல்ல மனசால் அல்ல. அவன் பேரை எழுத என் கை வரவில்லை, அதனால் எழுதினேன்.

மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். அம்மா சீட்டை வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முதல் வரியிலேயே சிரித்தார்.

"கொல்லை. ல சரியா வந்துருச்சே."

பிறகு அடுத்த வரிகளுக்கு வந்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சீட்டில் இருந்தது இதுதான்: கொல்லை மண். மே ஏழு மாலை காய்ந்தது. பதினொரு நாள். மூடி எடுத்தது கருப்பையன்.

"மூடியை எதுக்கு எடுத்தீங்க?"

"காயணும்னுதாம்மா."

அவர் என்னையும் பஞ்சநாதனையும் மாறி மாறிப் பார்த்தார். பஞ்சநாதன் சன்னலுக்கு வெளியே கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சீட்டைப் படிக்கத் தெரியாது. ஆனால் அம்மாவின் முகத்தைப் படித்துவிட்டான்.

அம்மா நோட்டில் ஏழு என்பதை அடித்துப் பதினொன்று என்று போட்டார். பஞ்சநாதன் பேரையும் அடித்து, என் பேரைப் போட்டார். "நாளைச் சரியாச் சொன்னதுக்கு நன்றி," என்றார். அன்றைக்கு அதற்குமேல் அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த வாரம் பாண்டிச்சேரிக்குப் போன காகிதத்தில் பஞ்சநாதன் பேர் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அவன் என்கூடவே நடந்து வந்தான். அரசலாற்றுப் பாலம் தாண்டியதும் சொன்னான்:

"எனக்கு அன்னைக்கே தெரியும்ண்ணே."

"எப்புடி?"

"மூடிய நான் கவுத்து வப்பேன். நீங்கதான் மல்லாத்தி வப்பீங்க, சோத்துத்தட்டு மாதிரி."

"அப்பறம் எதுக்குடா நீ ஊத்தலன்னு சொன்ன?"

"ஒங்களுக்கு இடுப்பு வலின்னு காசியம்மா அண்ணி சொல்லிச்சு."

அவன் திட்டியிருந்தால் நான் அதோடு தேறியிருப்பேன்.

நான் வயலுக்கே திரும்பிவிட்டேன். எண்பத்துநான்கு ஆனி மாதம், வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்த அன்று வரப்பு வெட்டிக்கொண்டிருந்தேன். வெடித்த மண்ணுக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. காலுக்கடியில் இந்நேரம் எத்தனை ஓடு பிளக்கும் என்று நினைத்தேன். வேறு எந்த ஆளுக்கும் அந்த வயலில் அது தெரியாது. அதில் ஒரு அற்பப் பெருமை எனக்கு இருந்தது.

காக்கிச் சட்டையில், சைக்கிளில் பஞ்சநாதன் வந்தான். கேரியரில் ஒரு மெல்லிய புத்தகம். அம்மாவின் ஆராய்ச்சி அச்சில் வந்திருந்தது, முழுக்க இங்கிலீஷ்.

"கடைசிப் பக்கத்துல நம்ம ரெண்டு பேரு பேரும் இருக்காம்ண்ணே. அம்மா கோடு போட்டுக் கொடுத்துருக்காங்க. எது எம்பேருன்னு கேக்க மறந்துட்டேன். பாத்துச் சொல்லுங்க."

சேற்றுக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். ஒரே வரியில் இரண்டு சொற்கள், இரண்டுக்கும் அடியில் பென்சில் கோடு. எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. தமிழில் எண்ணினால் அவனுக்கும் ஆறு எழுத்து, எனக்கும் ஆறு எழுத்து. மூன்று வருஷமாக அவன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் இருந்தேன். அவன் சட்டைப்பையில் செருகியிருந்த பேனாவைப் பார்த்தேன். உள்ளே ஏதோ ஒன்று தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது.

முதலில் இருந்த சொல்லின்மேல் விரலை வைத்தேன். சேறு கொஞ்சம் ஒட்டியது.

"இது நானு," என்றேன். "ரெண்டாவது நீ."

பஞ்சநாதன் எட்டிப் பார்த்துத் தலையாட்டினான்.

"சரிண்ணே. நீங்கதான படிச்சவரு."